கண்ணும் காதும் செதுக்கிய கூண்டு

தாட்சாயினியின் கைக்கு அழுகல் உடனே தெரிந்துவிடும். மொன்றியலின் ஜான்-டலோன் சந்தையில் ஒரு காய்கறிக் கடையில் அவளுக்குத் தரம் பிரிக்கிற வேலை. குளிர் தொடங்கியதும் வெளிக் கடைகளை மடக்கிவிட்டு எல்லோரும் உள் மண்டபத்துக்குள் ஒடுங்கிக்கொள்வார்கள். காலையில் வந்து இறங்குகிற தக்காளிப் பெட்டிக்குள் அவள் கையை விட்டால் போதும், மேலடுக்கில் பளபளவென்று இருக்கிற பழங்களுக்கு அடியில் எங்கோ ஒன்று நெகிழ்ந்து கிடப்பதை விரல் போய்த் தொட்டுவிடும். கடை முதலாளி இத்தாலிக்காரக் கிழவர். "மதாம், உனக்கு மூக்கு விரலில்தான் இருக்கிறது" என்று பிரெஞ்சில் சொல்லிச் சிரிப்பார்.

அந்தக் கையை அவள் வேலைத்தலத்தில் விட்டுவிட்டு வந்திருந்தால் குடும்பத்துக்கு நிம்மதியாக இருந்திருக்கும். பால் வாங்கினால் திகதியைப் பார்ப்பாள், பிறகு மணந்து பார்ப்பாள், அதற்குப் பிறகும் ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பார்ப்பாள். கணவர் விமலநாதன் விமான உதிரிப்பாகத் தொழிற்சாலையில் இருந்து வந்ததும் அவருடைய சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து, கொடுத்துவிட்ட கறியைத்தான் தின்றாரா, வெளியில் ஏதாவது வாங்கித் தின்றாரா என்று சோதிப்பாள். மனிதர்கள் விஷயத்திலும் அவளுக்கு மேலடுக்கில் நம்பிக்கை கிடையாது.

இப்படிப்பட்டவளின் ஒரே மகள் சாருஜா, தான் வேலை செய்கிற மருந்துத் தொழிற்சாலையில் அனுஜன் என்ற ஒரு பையனை விரும்பிவிட்டாள். பையன் யாழ்ப்பாணத்து ஆள்தான், படித்தவன், குடிக்காதவன். வீட்டுக்கு வந்த முதல் நாளே சாப்பிட்ட கோப்பையைத் தானே கழுவி வைத்தான். அந்தக் கழுவின கோப்பைதான் தாட்சாயினிக்கு முதல் சந்தேகத்தைக் கொடுத்தது.

"இவ்வளவு நல்ல பெடியனெண்டால் ஏதோ ஒண்டை மறைக்கிறான்" என்றாள்.

"அவன் கோப்பை கழுவினவன், அம்மா. கொலை செய்யேல்ல" என்றாள் சாருஜா.

முதல் பனி விழுந்த ஞாயிற்றுக்கிழமை, பெரியவர்கள் பேசி முடிக்க மாப்பிள்ளை வீட்டுக்குப் போனார்கள். சென்ட் லோரன்ட் பகுதியில் இரண்டாம் மாடி. அனுஜனின் தகப்பன் யோகேந்திரன் ஒரு பண்டகசாலையில் பெட்டி ஏற்றுகிற வண்டி ஓட்டுபவர். தாய் புஷ்பவதி வட்டமான, சிரித்த முகக்காரி. உள்ளே கால் வைத்ததும் தாட்சாயினியின் கண் சுவரில் போய் நின்றது. சுவாமிப் படங்கள் எல்லாம் ஒரு மூலைக்குப் போயிருக்க, நடுச்சுவரை முழுசாக ஒரு துறைமுகம் பிடித்திருந்தது. தேன் நிறக் கல்லில் கோட்டைகள், விரல் விரலாகக் கடலுக்குள் நீட்டிய நிலம், இடையில் நீலத் தண்ணீர்.

"மோல்டாத் தீவு" என்றார் யோகேந்திரன், கேட்காமலே. "கிராண்ட் ஹாபர் எண்டு சொல்லுவினம். இருங்கோ தங்கச்சி, இருங்கோ. இந்தா, இந்தக் கோட்டையைப் பாருங்கோ. இதில இருந்து அந்த முனை மட்டும் ஒருக்கா இரும்புச் சங்கிலி இழுத்துக் கட்டினவங்கள். துருக்கியன்ர கப்பல் உள்ள வரக்கூடாதெண்டு. அதுக்குப் பிறகு நெப்போலியன் வந்தான். அவனைக் கலைச்சுப்போட்டு வெள்ளைக்காரன் வந்தான். வெள்ளைக்காரன்ர கடற்படை முழுக்க இதுக்கதான் நிண்டது."

"தொடங்கிட்டார்" என்றாள் புஷ்பவதி. "தங்கச்சி, நீங்கள் ரோல்ஸ் எடுங்கோ. இது சங்கிலியில தொடங்கினால் ஜேர்மன்காரன் குண்டு போட்டது மட்டும் போகும். ரோல்ஸ் ஆறிப்போம்."

விமலநாதன் ரோல்ஸைக் கடித்துக்கொண்டு மரியாதைக்குத் தலையை ஆட்டினார். யோகேந்திரனுக்கு அதுவே போதும். எழுந்து படத்துக்குக் கிட்டப் போனார்.

"அந்தக் காலத்தில துடுப்புக் கப்பல். அடிமையளைச் சங்கிலியில கட்டி வச்சு வலிக்க விடுறது. எத்தினை சனம் அந்தத் தண்ணிக்க போச்சுது எண்டு ஆருக்குத் தெரியும்? கரையில இருக்கிற பெரிய தேவாலயம் ஆற்ற பேரில தெரியுமோ? சென் லோரன்ஸ். இஞ்ச பாருங்கோ, நான் இருக்கிறதும் சென்ட் லோரன்ட், ஆறும் சென்ட் லோரன்ட். அந்தாள் என்னை விடுறேல்ல." தானே சிரித்துவிட்டு, படத்தின் ஒரு முனையில் விரலை வைத்தார். "இதில பாருங்கோ, இந்த நுனியில ஒரு கூண்டு மாதிரி..."

"அண்ணை எந்த வருசம் அங்க நிண்டனீங்கள்?" என்று தாட்சாயினி இடையில் வெட்டினாள்.

யோகேந்திரனின் விரல் படத்தில் அப்படியே நின்றது. "தொண்ணூற்றாறு, தொண்ணூற்றேழு. வாற வழியில கொஞ்சக்காலம் நிண்டது."

"வாற வழி" என்று ஒருவர் சொன்னால் அதற்குமேல் துருவுவது நம் ஆட்களிடம் வழக்கமில்லை. இங்கே இருக்கிற ஒவ்வொரு வீட்டிலும் அப்படி ஒரு வழி இருக்கிறது. எந்த நாட்டு விமான நிலையத்தில் படுத்தது, எந்தக் காட்டால் நடந்தது என்று அவரவர் சொன்னால்தான் உண்டு. தாட்சாயினி அந்த மரியாதையை எல்லாம் பார்க்கவில்லை. தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"அளவெட்டித் தியாகலிங்கம் எண்டு ஆரையும் அங்க சந்திச்சனீங்களோ?"

"தியாகலிங்கம்..." என்று அவர் ஒரு கணம் யோசித்தார். "இல்லைத் தங்கச்சி. அப்பிடி ஒருத்தர் எங்களோட நிக்கேல்ல."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்கோ."

"அப்பிடிப் பேரில ஆரும் நிக்கேல்ல. எனக்குத் தெரிஞ்ச பேருகளில அது இல்லை."

அவளுடைய கைப்பைக்குள் ஒரு புகைப்படம் இருந்தது. அதை எடுத்துக் காட்டியிருந்தால் இந்தக் கதை அந்த இடத்திலேயே முடிந்திருக்கும். ஆனால் முதலிலேயே படத்தைக் காட்டினால் எதிராளி தன் பொய்யை அதற்குத் தகுந்தபடி வெட்டிக்கொள்வான் என்பது அவள் கணக்கு. பையின் வாயை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு நாள் பார்க்கிற பேச்சு வந்தது. கலியாணம் கோடையில், பதிவு எழுத்து மட்டும் தையில் என்று முன்பே கதைத்திருந்தார்கள். பெண் வீட்டார் கேட்ட ஐயர் தை மாதத்துப் பூர்வபக்கத் தசமியைச் சொல்லியிருந்தார். லாசாலில் ஒரு சின்ன மண்டபமும் அதே நாளில் வாய்த்திருந்தது. விமலநாதன் சொல்லி முடிக்கவில்லை, யோகேந்திரன் தலையை ஆட்டினார்.

"அந்த நாள் வேண்டாம்."

"ஏன் அண்ணை? இதைப்போல நல்ல நாள் இனி மாசியிலதானாம்."

"மாசியில வைப்பம், பங்குனியில வைப்பம், எங்க வேணுமெண்டாலும் வைப்பம். அந்தத் தசமி மட்டும் எனக்குச் சரிவராது."

"வேலையோ?"

"வேலை இல்லை."

அதற்குமேல் அவர் வாய் திறக்கவில்லை. சங்கிலியையும் நெப்போலியனையும் கேட்காமலே அள்ளிக் கொட்டின மனிதர், ஒரு நாளுக்குக் காரணம் கேட்டால் சுவரைப் பார்த்தார். புஷ்பவதி எழுந்து, காலியாகாத தட்டுக்கு ரோல்ஸ் எடுத்துவர உள்ளே போனாள். தாட்சாயினியின் விரல் பெட்டியின் அடியில் போய் எதையோ தொட்டுவிட்டது.

காரில் திரும்பும்போது கண்ணாடியில் உப்பும் சேறும் அடித்துக்கொண்டிருந்தது. விமலநாதன் துடைப்பானைப் போட்டுவிட்டு, "நல்ல சனம்" என்றார்.

"என்ன நல்ல சனம்? வண்டி ஓட்டுற மனுசனுக்கு மோல்டாத் துறைமுகத்தில என்ன அலுவல்? வீட்டில சுவாமிப் படத்தை மூலைக்குத் தள்ளிப்போட்டு அதை மாட்டி வச்சிருக்கிறார்."

"அவருக்கு அதில ஒரு விருப்பம். எனக்கு ஹொக்கி மாதிரி."

"தியாகு அண்ணையைத் தெரியாதெண்டு சொன்ன கெதியைப் பாத்தனீங்களோ?"

"தெரியாதெண்டால் தெரியாதெண்டுதானே சொல்ல வேணும். நீ ஆரைத்தான் நம்பினனி? என்ர சாப்பாட்டுப் பெட்டியையே மணந்து பாக்கிறனி."

தியாகலிங்கம் அவளுடைய ஒரே அண்ணன். சின்ன வயதில் அவன் ஒளித்து எதையும் செய்ய முடியாது. வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பீடி குடித்துவிட்டு வந்தால், அவன் விரலைப் பிடித்து மணந்து பார்த்து அம்மாவிடம் சொல்லிவிடுவாள். அடி வாங்கிவிட்டு வந்து அவளுக்கே இனிப்பு வாங்கிக் கொடுப்பான். அவள் கலியாணம் கட்டி மொன்றியலுக்கு வந்து இரண்டொரு வருடத்தில் அவனும் ஊரை விட்டு வெளிக்கிட்டான். கடைசியாக அவன் தொலைபேசி எடுத்தது மோல்டாவில் இருந்து.

"தங்கச்சி, இஞ்ச ஒரு புதினம். உன்ர சிலை ஒண்டை இஞ்ச கட்டி வச்சிருக்கிறாங்கள்" என்று சிரித்தான். என்ன சிலை என்று அவள் கேட்டதற்கு, "வந்து சொல்லுறன்" என்றான். அதோடு காசு முடிந்து தொடர்பு அறுந்தது.

அவ்வளவுதான். எந்தக் கடலும் எந்தப் பொலிசும் அவனைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அம்மா சாகிற வரைக்கும் அவனுக்கு ஒரு விளக்கு வைக்க விடவில்லை. "உயிரோட இருக்கிற பிள்ளைக்குத் திவசம் செய்யிறதோ?" என்று சண்டைக்கு வந்தா. சாருஜா பெரியபிள்ளையான சாமத்தியச் சடங்கில் தாய்மாமன் தண்ணீர் வார்க்க வேண்டிய இடத்தில் தாட்சாயினி வேறு ஆளை நிற்க விடவில்லை. செம்பைத் தானே எடுத்து வார்த்தாள். செத்தவன் என்று சொல்லவும் அவளுக்கு மனமில்லை. இருக்கிறான் என்று நம்பவும் அவளால் முடியவில்லை. எதையும் நம்பாமல் இருப்பதுதான் அவளுக்குக் கைவந்திருந்தது.

மறுநாள் சந்தையில் கத்தரிக்காய்ப் பெட்டியைப் பிரித்துக்கொண்டே ரொறொன்ரோவில் இருக்கிற அஜந்தாவுக்குத் தொலைபேசி எடுத்தாள். அஜந்தா அவளோடு படித்தவள். யார் எந்த வழியால் வந்தார் என்ற விபரம் எல்லாம் அவளிடம் கிடைக்கும்.

"மோல்டாவில நிண்ட யோகேந்திரனோ? பொறு, பொறு. என்ர மனுசன் முந்தி ஒருக்காச் சொன்னவர். ஏஜென்சிக்காரனோட ஒரு யோகேந்திரன் திரிஞ்சவனாம். ஆக்களை வச்சிருந்த வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் குடுக்கிறதாம். ஆனால் தாட்சா, அது இவர்தானோ வேற ஆளோ எனக்குத் தெரியாது. எங்கட ஆக்களில யோகேந்திரனுக்குக் குறைவே?"

தாட்சாயினிக்கு முதல் பாதி மட்டும்தான் காதில் ஏறியது. ஏஜென்சிக்காரன். ஆட்களைப் படகில் ஏற்றி அனுப்பிவிட்டுக் கரையில் நின்றவன். அவனுடைய மகனுக்கா தன் பிள்ளையைக் கொடுப்பது? கையில் இருந்த கத்தரிக்காய் நசிந்ததைக்கூட அவள் கவனிக்கவில்லை. முதலாளிதான் வந்து, "அது நல்ல காய், மதாம்" என்று மெதுவாகச் சொல்லி எடுத்து வைத்தார்.

வீட்டில் அன்று சாருஜா அழுதாள்.

"நீங்கள் எல்லாரையும் சஸ்பெக்ட் பண்ணுறீங்கள் அம்மா. அனுஜன்ர அப்பா ஒரு போறிங் மனுசன், அவ்வளவுதான். துறைமுகம் துறைமுகம் எண்டு கதைப்பார். அதுக்காக அவர் கிரிமினலோ?"

"உன்ர மாமா எங்க போனவர் எண்டு அந்த மனுசனுக்குத் தெரியும்."

"எப்பிடித் தெரியும்?"

"எனக்குத் தெரியும்."

"நான் அனுஜனைத்தான் கட்டுவன். நீங்கள் வராட்டில் சரி, ரெண்டு சாட்சியோட போய் எழுதுவன்."

சொல்லிவிட்டு அறைக் கதவைச் சாத்தினாள். தாட்சாயினி சாத்தின கதவைப் பார்த்து நின்றாள். இந்தப் பிள்ளையும் போனால் தனக்கு யார் இருக்கிறார்கள் என்று நினைத்தாள். ஆனால் அண்ணனைக் கடலில் விட்டவனின் வீட்டுப் படியை எப்படி மிதிப்பது? ஒன்றில் அந்த மனிதரின் வாயால் உண்மை வரவேண்டும், இல்லாவிட்டால் இந்தச் சம்பந்தம் வேண்டாம். அவள் முடிவு கட்டிவிட்டாள்.

சம்பந்தி வீட்டுக்குப் பலகாரம் கொடுத்துவிடுவதற்கு என்று ஒரு சாக்கு வைத்து புஷ்பவதியோடு தொலைபேசியில் கதைத்தாள். கதையோடு கதையாக, சனிக்கிழமைகளில் அண்ணை வீட்டில் நிற்பாரா என்று கேட்டாள்.

"எங்க நிக்கிறார்? வேலை முடிஞ்சால் பழைய துறைமுகப் பக்கம் போயிடுவார். அங்க கப்பல் தொங்குற கோயில் ஒண்டு இருக்கெல்லே, மாலுமியளின்ர கோயில். அதுக்க கொஞ்ச நேரம் இருந்திட்டு வருவார். நான் போறேல்ல, அந்தக் குளிர் எனக்கு ஒத்துக்கொள்ளாது" என்றாள் புஷ்பவதி. அந்தக் குரலில் ஒளிவு ஒன்றும் இல்லை. அதையும் தாட்சாயினி நம்பவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் வேலையில் கேட்டுக்கொண்டு கிளம்பினாள். ஷாம்-டு-மார்ஸ் நிலையத்தில் மெத்ரோ ரயிலை விட்டு இறங்கி, படி ஏறி வெளியே வர, ஆற்றுக் காற்று வந்து முகத்தைச் சுரண்டியது. கல் பாவின தெருவில் பனி இறுகி வழுக்கியது. சப்பாத்தை ஊன்றி ஊன்றி நடந்தாள். துறைமுகத்தைப் பார்த்துக் கை விரித்தபடி மாதா அந்தக் கோயிலின் கூரைக்கு மேலே நின்றா. கதவைத் தள்ளினாள். உள்ளே சூடும் மெழுகு வாசமும் இருந்தன. தலைக்கு மேலே மரத்தில் செய்த சின்னச் சின்னக் கப்பல்கள் தொங்கின. அந்தக் காலத்தில் கடலில் தப்பி வந்த மாலுமிகள் நேர்த்திக்குக் கொடுத்தவையாம். ஒவ்வொரு கப்பலுக்குள்ளும் ஒரு விளக்கு எரிந்தது.

முன் பக்கத்தில் யோகேந்திரன் நின்றார். குளிர்த் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்திருந்தார். திருநீற்று நெற்றியோடு மெழுகுதிரி கொளுத்திக்கொண்டிருந்தார். அதில் ஒன்றும் புதினமில்லை, ஊரில் அந்தோனியாருக்கு மெழுகுதிரி வைக்காத சைவக்காரர் யார்? தாட்சாயினி தூண் மறைவில் நின்று காதைக் கொடுத்தாள். ஒவ்வொரு திரிக்கும் அவர் ஒரு பெயரை மெல்லச் சொன்னார்.

"ராஜாமணி... முகமது யாசின்... அப்துல் ரஹீம்."

அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது போல இருந்தது. இவை ஊர்ப் பெயர்கள் இல்லை. கள்ளப் பாஸ்போட்டுப் பெயர்கள். எந்தப் பாஸ்போட்டில் எந்தப் பெயர் என்று ஏஜென்சிக்காரனைத் தவிர யாருக்குத் தெரியும்? பின்னால் போய் நின்றாள்.

"ஆர் அந்த ரஹீம்?"

யோகேந்திரன் திரும்பினார். "தங்கச்சி? நீங்கள் இஞ்ச..."

"நான் கேட்டதுக்குச் சொல்லுங்கோ. ராஜாமணி, யாசின், ரஹீம். நீங்கள் அனுப்பின ஆக்களோ?"

"நான் அனுப்பினதோ?" அவர் அவளுடைய முகத்தை வடிவாகப் பார்த்தார். கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள், வரவில்லை. "என்னை ஏஜென்சி எண்டு நினைச்சிட்டியள்."

"நினைக்கேல்ல. கேக்கிறன். நீங்கள் அந்த வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் குடுத்த ஆளெண்டு கதை இருக்கு."

"அது ஆரோ வேற ஆள். எனக்கு அங்க ஆரோ கொண்டுவந்து தந்தவை. இருங்கோ, இதில இருங்கோ."

மர வாங்கில் உட்கார்ந்தார்கள். அவர் தொப்பியை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே சொன்னார்.

"எங்கள் நாலு பேரையும் அந்தத் துறைமுக முனையில ஒரு வீட்டில வச்சிருந்தவங்கள். பகலில கரையில ஏத்தி வச்ச படகுகளுக்குத் துரு சுரண்டி, பெயின்ற் அடிக்கிற வேலை. பாண் காசு வரும். ஏஜென்சிக்காரன் முதல் நாளே சொல்லிப்போட்டான், பாஸ்போட்டில என்ன பேரோ அதுதான் பேர். சாப்பிடேக்கையும் அந்தப் பேர், சண்டை பிடிக்கேக்கையும் அந்தப் பேர். வாய் தவறி ஊர்ப்பேர் வந்துதெண்டால் எல்லாரும் பிடிபடுவியள் எண்டவன். நான் பிரான்சிஸ். நல்லூரில காவடி எடுத்த பெடியன் ஒருத்தன், அவன் அப்துல் ரஹீம். திருநீறு பூசேலாமல் அவன் பட்ட பாடு!"

"உண்மைப் பேர் கேக்கேல்லையோ?"

"இத்தாலியில இறங்கினாப் பிறகு எல்லாரும் எல்லாருக்கும் சொல்லுறது எண்டு கதைச்சு வச்சிருந்தம். அதை ஒரு விளையாட்டு மாதிரி வச்சிருந்தம். ஆற்ற ஊர் எது, ஆற்ற பேர் எது எண்டு பந்தயம்கூடப் பிடிச்சம்." அவர் நிறுத்தினார். "எனக்குக் கொப்புளிப்பான் அம்மை வந்திட்டுது. படகில ஏத்த மாட்டனெண்டு விட்டிட்டாங்கள். மற்ற ரெண்டு பேரும் எனக்குக் கிட்ட வரேல்ல. ரஹீம்தான் கஞ்சி காய்ச்சிப் பருக்கினவன். வெளிக்கிடேக்கையும் வந்து, அண்ணை கெதியாச் சுகப்பட்டு வாங்கோ, அங்க பேர் சொல்லுறன் எண்டிட்டுப் போனவன். அண்டைக்குத் தைத் தசமி. படகு இத்தாலிக்குப் போய்ச் சேரேல்ல. ஒருத்தரும் தப்பேல்ல."

தாட்சாயினி மேலே தொங்கின கப்பலைப் பார்த்தாள். அப்போதும் அவளுடைய மனம், இந்த மனிதர் கதை கட்டுகிறாரா என்று ஒருமுறை பெட்டிக்குள் கையை விட்டுத் துழாவியது.

"அப்ப ஏன் அந்த நாளைப் பற்றிக் கேட்டதுக்கு வாய் திறக்கேல்ல?"

"நல்ல காரியம் கதைக்க வந்திருக்கிற ஆக்களிட்டத் திவசக் கதை கதைக்கிறதோ, தங்கச்சி? அதுவும் ஆரெண்டு தெரியாத ஆக்களுக்கு நான் செய்யிற திவசம். நான்தான் செய்யிறன். செய்யிறதுக்கு வேற ஆரும் இருக்கினமோ எண்டு எனக்கெப்பிடித் தெரியும்? பேர் தெரிஞ்சால்தானே வீடு தேடலாம். அந்தத் துறைமுகத்தில செத்த ஒவ்வொரு தளபதிக்கும் கல்லில எழுதி வச்சிருக்கு. கடலில மூழ்கின கப்பலுக்கெல்லாம் கல்வெட்டு இருக்கு. இவங்களுக்கு ஒண்டும் இல்லை. அதுதான் நான் அந்தத் துறைமுகத்தைப் பற்றியே கதைச்சுக்கொண்டு திரியிறன். சங்கிலியில தொடங்கினால் கடைசியில இவங்களிட்ட வந்து நிக்கலாமெண்டு. ஆனால் நான் வந்து சேருறதுக்கிடையில எல்லாரும் எழும்பிப் போயிடுவினம்."

அவர் லேசாகச் சிரித்தார்.

"அண்டைக்கு உங்களுக்குக் காட்ட வெளிக்கிட்டன், நீங்கள் வருசம் கேட்டுக் குழப்பிப்போட்டியள். அங்க எங்களை வச்சிருந்த வீட்டு யன்னலால பாத்தால் முனையில ஒரு கல்லுக் கூண்டு தெரியும். பழைய காவல் கூண்டு. அதில ஒரு பக்கம் பெரிய கண் ஒண்டு செதுக்கியிருக்கு, மற்றப் பக்கம் ஒரு காது. துறைமுகத்துக்க என்ன நடந்தாலும் பாத்துக்கொண்டும் கேட்டுக்கொண்டும் இருக்கிறம் எண்டு அர்த்தம். ரஹீம் விடிய எழும்பி அதைப் பாத்து ஒரு கும்பிடு போடுவான். 'அண்ணை, என்ர தங்கச்சியைச் செதுக்கி வச்சிருக்கிறாங்கள். பீடி குடிச்சிட்டு வந்தால் விரலை மணந்து பாத்து அம்மாவிட்டச் சொல்லிப்போடுவாள். கனடாவுக்குப் போய்ச் சேந்தாலும் வாசலில நிண்டு கையை நீட்டு எண்டுதான் சொல்லுவாள்' எண்டு சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். அவளுக்கு இதைப் போனில சொன்னனான், விளங்கியிருக்காது எண்டும் சொன்னவன்."

தாட்சாயினி கைப்பையை இழுத்துத் திறந்து படத்தை எடுத்து அவர் மடியில் வைத்தாள். சைக்கிளைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற ஒரு பையன்.

யோகேந்திரன் படத்தைக் கையில் எடுக்கவில்லை. குனிந்து பார்த்தார்.

"ரஹீம்" என்றார்.

அவள் அழுதாள். வாயைப் பொத்தியும் அடங்கவில்லை. எத்தனையோ வருடமாக உள்ளே இறுக்கிப் பிடித்திருந்தது எல்லாம் வெளியே வந்தது. கப்பல்களைப் படம் எடுத்துக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரப் பெண் கிட்ட வந்து தயங்கி, ஒரு கடதாசிக் கைக்குட்டையைக் கொடுத்துவிட்டுப் போனாள். யோகேந்திரனும் கண்ணைத் துடைக்காமல் இருந்தார்.

"அண்டைக்கு என்ன பேர் சொல்லிக் கேட்டனீங்கள்?" என்றார்.

"தியாகலிங்கம்."

"தியாகலிங்கம்" என்று அவர் திருப்பிச் சொன்னார். இன்னொருமுறையும் சொன்னார். "நான் முருகன்ர பேர் ஏதுமெண்டு பந்தயம் பிடிச்சனான்."

லாசாலில் இருக்கிற தன் வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் அவள் யாரோடும் பேசவில்லை. குளிர்ச் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு நேராகக் குளியலறைக்குள் போனாள். தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. சாருஜா அறையில் இருந்து எட்டிப் பார்த்தாள்.

"அப்பா, அம்மா ஏன் இந்த நேரத்தில தலை தோயுறா? இண்டைக்கு வெள்ளிக்கிழமையும் இல்லையே."

விமலநாதன் தொலைக்காட்சியை நிறுத்தினார். சாவுச் செய்தி கேட்ட வீட்டில்தான் இப்படி வந்ததும் வராததுமாகத் தோய்வார்கள். அவருக்கு விளங்கிவிட்டது. எழுந்து போய்த் தனக்கும் ஒரு துவாயை எடுத்துக்கொண்டு குளியலறை வாசலில் நின்றார்.

தாட்சாயினி ஈரத் தலையோடு வெளியே வந்தாள். மகளைப் பார்த்தாள்.

"உன்ர மாமா இல்லை, பிள்ளை" என்றாள். "எழுத்தை மாசியில வைப்பம். தசமி எங்களுக்கும் ஆகாது."

சாருஜா ஓடி வந்து தாயைக் கட்டிக்கொண்டாள். அன்றைக்கு யாரும் யாருடைய சாப்பாட்டுப் பெட்டியையும் திறந்து பார்க்கவில்லை.

தைத் தசமிக்கு விடியவே யோகேந்திரன் வீட்டுக்குப் போய்விட்டார்கள். தாட்சாயினியும் புஷ்பவதியும் குசினியில் நின்று சமைத்தார்கள். கத்தரிக்காய்ப் பால்கறி, வாழைக்காய்ப் பொரியல், பருப்பு, பயத்தம் பணியாரம். கத்தரிக்காயைத் தாட்சாயினிதான் சந்தையில் இருந்து தெரிந்து கொண்டுவந்தாள், ஒன்றில்கூடப் புழு இல்லை. வேட்டிக்கு மேலே தடித்த குளிர்ச் சட்டையோடு ஐயர் வந்து, துறைமுகப் படத்துக்குக் கீழே நிலத்தில் பாய் விரித்து இருந்தார். மூன்று வாழையிலை போட்டார்கள். தாட்சாயினி கறிகளை வைத்து முடித்து, ஒரு இலையின் ஓரத்தில், யாரிடமோ சொல்லி எடுப்பித்த பீடிக்கட்டு ஒன்றை வைத்தாள். வைத்த கையை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய் மணந்து பார்த்தாள். இந்தமுறை போய்ச் சொல்லிக்கொடுக்க அம்மாவும் இல்லை.

சுவரில், நீலத் தண்ணீரின் நுனியில், கடுகளவில் அந்தக் கூண்டு தெரிந்தது.

ஐயர் தர்ப்பையை மாட்டிவிட்டுப் பழக்கத்தில் தொடங்கினார். முதல் வருடம் அவர் இந்தப் பெயர்களுக்குச் செய்ய மாட்டேன் என்று எழுந்துகூடப் போயிருக்கிறார். இப்போது பாடமாகிவிட்டது. ராஜாமணி, முகமது யாசின் என்று சொல்லி, அப்துல் ரஹீமுக்கு வரும்போது யோகேந்திரன் இடையில் மறித்தார்.

"ஐயா, அவற்ற பேர் தியாகலிங்கம். தங்கச்சி வந்திருக்கிறா."

ஐயர் நிமிர்ந்து தாட்சாயினியைப் பார்த்தார். "அப்ப ரஹீமை எடுத்துவிடவோ, அம்மா?"

"வேண்டாம் ஐயா" என்றாள் அவள். "ரெண்டு பேரையும் சொல்லுங்கோ. அந்தப் பேரில கூப்பிட்டுத்தான் இந்த அண்ணை இவ்வளவு காலமும் அவருக்குச் சோறு வச்சவர்."